பக்கத்து மருத்துவமனையைத் தாண்டிப் போன ஆம்புலன்ஸ்: ஸ்ட்ரோக் நேரடி சேவைக்கு என் மதிப்பெண்

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்தவரை அருகிலிருக்கும் மருத்துவமனையில் இறக்காமல், மூளையின் ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கும் வசதி உள்ள மையத்துக்கே நேராகக் கொண்டுபோகும் ஆம்புலன்ஸ் சேவைக்கு ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஸ்ட்ரோக் வந்தது, ஆறு வருட இடைவெளியில். முதலில் அப்பாவுக்கு. அன்று வந்த ஆம்புலன்ஸ் எட்டே நிமிடத்தில் பக்கத்து மருத்துவமனை வாசலில் நின்றது. "நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டோம்" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே போய் ஸ்கேன் எடுக்க ஐம்பது நிமிடம். எடுத்துப் பார்த்தால் மூளைக்குப் போகும் பெரிய குழாயிலேயே அடைப்பு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள், ஆனால் இவ்வளவு பெரிய கட்டிக்கு ஊசி மட்டும் போதாது, கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு எடுக்க வேண்டும், அந்த வசதி இங்கே கிடையாது, வேறு இடத்துக்கு எழுதித் தருகிறோம் என்றார்கள். எழுதித் தந்தது உடனே. வண்டி வந்தது ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, ஏனென்றால் எங்களைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் எப்போதோ அடுத்த அழைப்புக்குப் போய்விட்டது, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கேட்டால் "அவர் ஏற்கெனவே மருத்துவமனையில்தானே இருக்கிறார்" என்று வரிசையில் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வாய் கோணியதிலிருந்து நாலு மணி நேரம் ஓடியிருந்தது. அங்கே மறுபடி ஸ்கேன். காப்பாற்றக்கூடிய பகுதி பெரிதாக மிஞ்சவில்லை என்றார் மருத்துவர். அப்பா அதன்பிறகு மூன்று வருடம் இருந்தார், வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு.

அந்த மருத்துவமனையில் யாரும் வேண்டுமென்று தாமதம் செய்யவில்லை. செவிலியர் ஒருவர் எங்களோடு வாசலில் வந்து நின்று வண்டிக்காக மூன்று முறை ஃபோன் போட்டார். அவர்களிடம் இல்லாத சிகிச்சைக்காக அங்கே போய் நின்றோம், அதுதான் பிரச்சினை.

இதைப் புரிந்துகொள்ளச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு இரண்டு வகை சிகிச்சை உண்டு. ஒன்று கட்டியைக் கரைக்கும் ஊசி. 1995இல் வந்த அமெரிக்க ஆய்வு, அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று காட்டியது, 2008இல் அந்த நேரம் நாலரை மணியாக நீண்டது. ஸ்கேனும் ஊசி போடத் தெரிந்த குழுவும் இருந்தால் நடுத்தர மருத்துவமனையிலேயே இதைச் செய்துவிடலாம். இரண்டாவது த்ரோம்பெக்டமி, அதாவது பெரும்பாலும் தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கத்தீட்டரை மூளை வரை கொண்டுபோய்க் கட்டியை இழுத்து எடுப்பது. பெரிய குழாய் அடைப்புக்கு இது எவ்வளவு பலன் தருகிறது என்பது 2015இல் நெதர்லாந்தின் எம்ஆர் கிளீன் உட்பட ஐந்து ஆய்வுகள் வரிசையாக வந்தபோதுதான் உறுதியானது. 2018இல் டான், டெஃப்யூஸ் 3 என்ற இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேனில் காப்பாற்றும் பகுதி தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்றானது. ஆனால் இதற்கு ரத்தக்குழாயை எக்ஸ்ரேயில் பார்த்தபடியே சிகிச்சை செய்யும் ஆஞ்சியோ அறை வேண்டும், அதைச் செய்யப் பயிற்சி பெற்ற மருத்துவர் இரவிலும் வர வேண்டும். எல்லா இடத்திலும் இது இருக்காது, இருக்கவும் முடியாது.

24 மணி என்றதும் அவசரம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரிய குழாய் அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நியூரான்கள், அதாவது மூளையின் நரம்பு செல்கள், சாகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் என்ற நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டார். அப்பாவுக்கு வண்டி வரக் காத்திருந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தை அந்த எண்ணால் பெருக்கிப் பார்த்த நாளில் நான் தூங்கவில்லை.

சரி, இரண்டாவது முறைக்கு வருகிறேன். பெரியம்மா. வயது 71. காலை 7:10க்கு என்னோடு பேசிக்கொண்டிருந்தார், 7:25க்கு நாற்காலியில் வலது பக்கம் சரிந்து கிடந்தார். பேச்சு இல்லை. கண் இரண்டும் இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு நின்றன. 7:29க்கு அவசர எண்ணை அழைத்தேன். எடுத்தவர் முதலில் இடத்தைக் கேட்டார், அடுத்த கேள்வியே "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" என்றுதான். பிறகு சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள் என்றார். மூன்றும் முடியவில்லை. "வண்டி கிளம்பிடுச்சு, அவங்க சாப்பிடுற மாத்திரை அட்டையை எடுத்து வைங்க, குடிக்க எதுவும் கொடுக்காதீங்க" என்றார். நான் அதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரோடு நின்றிருந்தேன். விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கலாம், தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

7:41க்கு வண்டி வந்தது. வந்த அவசர மருத்துவ உதவியாளர் ஒரு இளம் பெண், அவரோடு இன்னொருவர். அவர்கள் வேலை செய்த ஒழுங்கை நான் விவரமாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் சேவையின் உயிரே அந்தப் பதின்மூன்று நிமிடத்தில்தான் இருக்கிறது. முதலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை ரொம்பக் குறைந்தாலும் பக்கவாதம் மாதிரியே இருக்கும், அதைத் தள்ளிவிட வேண்டும். பிறகு முகம், கை, கால், கண் எந்தப் பக்கம் இழுக்கிறது, சொன்னது புரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அதற்கு மதிப்பெண் போட்டார். ஸ்பெயினில் உருவாக்கிய ரேஸ் என்ற அளவுகோல் இது, மொத்தம் ஒன்பது, ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் பெரிய குழாய் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரியம்மாவுக்கு ஏழு. ரத்த அழுத்தம் 196க்கு 104 இருந்தது, நான் பதறிப்போய் அவருடைய பிரஷர் மாத்திரையைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இப்ப இறக்கக் கூடாது சார்" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு படித்தபோது தெரிந்தது, 2024இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில் ஆம்புலன்ஸிலேயே அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள், மூளையில் ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு அது நன்மை செய்தது, அடைப்பு உள்ளவர்களுக்குத் தீங்கு செய்தது. எது என்று ஸ்கேன் இல்லாமல் வண்டியில் யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெண் சொன்னது முழுக்கச் சரி.

7:54க்குக் கிளம்பினோம். 8:02க்கு அந்த மருத்துவமனை வந்தது, அப்பாவைச் சேர்த்த அதே இடம். வண்டி நிற்கவில்லை. நான் முன்சீட்டிலிருந்து திரும்பிக் கத்திவிட்டேன், "தாண்டிப் போறீங்களே!" என்று. பின்னாலிருந்து அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தெரிஞ்சுதான் சார் தாண்டுறோம். அங்க ஊசிதான் போட முடியும். அம்மாவுக்குக் கண்ணு ஒரு பக்கமா இழுக்குது, பேச்சும் போயிருக்கு. கட்டியை எடுக்குற இடத்துக்கே போயிடலாம், இன்னும் பதினெட்டு நிமிஷம்தான். அவங்களுக்குச் சொல்லியாச்சு, ரெடியா இருக்காங்க."

"சொல்லியாச்சு" என்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் என் நாலு மதிப்பெண்ணில் இரண்டு போகும். வண்டி புறப்படும் முன்பே அவர் ஃபோனில் வயது, கடைசியாக நன்றாக இருந்த நேரம், ரேஸ் மதிப்பெண், சர்க்கரை, அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா என்பதை எல்லாம் ஸ்ட்ரோக் குழுவுக்குச் சொல்லிவிட்டார். 8:20க்கு இறங்கினோம். அவசரப் பிரிவின் படுக்கைக்கே போகவில்லை, ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரோடு நேராக ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மருத்துவமனை இந்த முறையைப் படிப்படியாகக் கட்டி, வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி போடும் வரை 1998இல் 105 நிமிடமாக இருந்ததை 2011இல் 20 நிமிடத்துக்குக் கொண்டுவந்தது. முன்கூட்டியே ஃபோன், நோயாளி வருவதற்குள் பதிவு, நேராக ஸ்கேன் மேஜை, ஊசியும் அங்கேயே. புது மருந்தோ புது எந்திரமோ ஒன்றும் இல்லை. பெரியம்மாவுக்கு 24ஆவது நிமிடத்தில், 8:44க்கு, ஊசிக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் அழுத்தத்தை 185க்கு 110க்குக் கீழே இறக்கிவிட்டு ஊசி போட்டார்கள். 9:15க்குக் கத்தீட்டர் உள்ளே போனது. 9:50க்கு மருத்துவர் வெளியே வந்து குழாய் திறந்துவிட்டது என்றார். அவருடைய முகக்கவசத்துக்கு மேலே கண்ணைப் பார்த்தே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் பெரியம்மா வலது கையால் என் கையை இறுக்கினார். இப்போது நடக்கிறார். பெயர்கள் மட்டும் சட்டென்று வாயில் வருவதில்லை, என்னைக் கூப்பிட என் தம்பி பெயரில் தொடங்கி என் பெயருக்கு வந்து சேர்வார்.

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு நடந்ததை வைத்து "எல்லாரையும் நேராகப் பெரிய மையத்துக்கே கொண்டுபோ" என்று நான் எழுதினால் அது நியாயமாகாது. அப்பாவின் கட்டி வேறு, பெரியம்மாவின் கட்டி வேறு. இந்தக் கேள்வியை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஸ்பெயினின் கட்டலோனியாவில், ரேஸ்கேட் என்ற ஆய்வில். பெரிய அடைப்பு என்று சந்தேகப்பட்ட சுமார் 1,400 பேரை, த்ரோம்பெக்டமி மையம் தூரமாக உள்ள பகுதிகளிலிருந்து, பாதிப் பேரை அருகிலுள்ள ஸ்ட்ரோக் மருத்துவமனைக்கும் பாதிப் பேரை நேராகப் பெரிய மையத்துக்கும் அனுப்பினார்கள். 2022இல் முடிவு வந்தது. 90 நாள் கழித்து இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. நேராகப் போனவர்களில் அதிகம் பேருக்குக் கட்டி எடுக்கப்பட்டது, அருகில் நின்றவர்களில் அதிகம் பேருக்கு ஊசி கிடைத்தது, ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட்டது. அதைவிட என்னை நிறுத்தியது இன்னொன்று: அந்தச் சந்தேகத்தில் ஏற்றப்பட்டவர்களில் மூளையில் ரத்தக்கசிவாக இருந்தவர்களுக்கு, நேராகத் தூரம் போனது கெடுதலாகவே முடிந்தது. நீண்ட பயணத்தில் வாந்தி போன்ற சிக்கல்கள், பின்னால் நிமோனியா. அவர்களுக்கு அருகில் இறங்கியிருந்தால் நல்லது.

ஆனால் அந்த ஆய்வை, நேராகக் கொண்டுபோவதை எதிர்ப்பவர்கள் சொல்வதுபோல் "அருகிலேயே இறக்கினால் போதும்" என்று நான் படிக்கவில்லை. அங்கே உள்ளூர் மருத்துவமனைகள் மிக வேகமாக வேலை செய்தன, வந்தவரைப் பார்த்து ஊசி போட்டு அடுத்த இடத்துக்கு ஏற்றிவிடுவதில் பழகியவை. உள்ளே வந்ததிலிருந்து வெளியே அனுப்பும் வரை 90 நிமிடத்துக்குள் என்பது அமெரிக்க இருதயச் சங்கத்தின் இலக்கு, அப்பாவுக்கு அது மூன்று மணி நேரத்தை நெருங்கியது. அந்த 90 நிமிடத்தைக் காப்பாற்றும் மருத்துவமனை அருகில் இருந்தால், பெரிய மையம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூரமாக இருந்தால், அங்கேயே நிற்பதில் தவறில்லை. பெரிய மையம் பதினெட்டு நிமிடம்தான் கூடுதல் என்றால், நிற்காமல் போவதே சரி.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது, லண்டன் 2010இல் செய்தது. நகரம் முழுக்க எட்டே எட்டு அதிதீவிர ஸ்ட்ரோக் யூனிட்டுகள், பக்கவாதம் என்று சந்தேகப்பட்ட எல்லாரையும் ஆம்புலன்ஸ் அந்த எட்டில் ஒன்றுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அதே காலத்தில் மான்செஸ்டர் பகுதியும் மாற்றியது, ஆனால் அறிகுறி தொடங்கி நாலு மணி நேரத்துக்குள் வருபவர்களை மட்டும் சிறப்பு மையத்துக்கு, மற்றவர்களை உள்ளூருக்கு என்று பிரித்தது. 2014இல் இரண்டையும் ஒப்பிட்டபோது இரண்டு இடத்திலும் மருத்துவமனையில் தங்கும் நாள் குறைந்திருந்தது, இறப்பு குறைந்தது மட்டும் லண்டனில்தான் தெளிவாகத் தெரிந்தது. கத்தீட்டர் சிகிச்சை பரவலாவதற்கு முந்தைய காலம் அது. ஆக, கட்டி எடுப்பது மட்டும் இல்லை, விழுங்கும் சோதனை, காய்ச்சல், சர்க்கரை, படுக்கவைக்கும் விதம் என்று எல்லாவற்றையும் ஸ்ட்ரோக் தெரிந்த கைகள் பார்ப்பதிலேயே உயிர் தப்புகிறது. வண்டி ஓட்டுபவர் தெருமுனையில் நின்று யோசிக்க வேண்டியதில்லாத எளிய விதியாக இருந்தால் அதைக் கடைப்பிடிப்பதும் எளிது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்கேன் எந்திரத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் நடமாடும் ஸ்ட்ரோக் யூனிட் பற்றியும் கேட்டிருப்பீர்கள். ஜெர்மனியில் ஹோம்பர்கில் 2008இல் தொடங்கியது, பெர்லினிலும் ஹூஸ்டனிலும் நடந்த ஆய்வுகள் 2021இல் நல்ல முடிவைக் காட்டின. வீட்டு வாசலிலேயே கசிவா அடைப்பா என்று தெரிந்துவிட்டால் எங்கே போவது என்ற குழப்பமே பாதி தீர்ந்துவிடும். அது எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் அதற்கு மதிப்பெண் போட மாட்டேன்.

இப்போது அந்தக் குறைந்த ஒரு மதிப்பெண். முதல் குறை, வண்டியில் ஒருவருக்குத்தான் இடம், மீதிப் பேருக்கு எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவும் தம்பியும் பின்னால் காரில் நேராக அந்தப் பழைய மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள், அப்பாவின் ஞாபகத்தில். அங்கே வரவேற்பில் பெரியம்மா பெயரைச் சொல்லித் தேடியிருக்கிறார்கள். கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டில் மையத்தின் பெயரையும் வாசல் எண்ணையும் எழுதிக் கொடுத்திருந்தால் முடிந்துபோகும் வேலை. இரண்டாவது, ஃபோனில் சொன்ன தகவல் முழுதாகப் போய்ச் சேரவில்லை. மாத்திரை விவரத்தை மறுபடி என்னிடம் கேட்டார்கள், நான் பதற்றத்தில் ஒரு மாத்திரையைத் தவறாகச் சொல்லிவிட்டேன், நல்லவேளை அட்டை கையில் இருந்தது.

மூன்றாவதுதான் பெரிய குறை. போகும்போது இருந்த அந்த ஒழுங்கு திரும்பும்போது சுத்தமாக இல்லை. ஐந்தாம் நாள் "இனி உள்ளூரில் பிசியோவும் பேச்சுப் பயிற்சியும் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே படுக்கை வேண்டும்" என்றார்கள். நியாயம்தான், அடுத்தவருக்குப் படுக்கை வேண்டும், பெரியம்மாவுக்குக் கிடைத்ததும் அப்படி யாரோ விட்டுக்கொடுத்த படுக்கைதான். ஆனால் உள்ளூரில் படுக்கை காலியா என்று யாரும் கேட்டு வைக்கவில்லை, திரும்பிப் போக வண்டிக்கு இரண்டு நாள் காத்திருந்தோம், அந்த இரண்டு நாளும் பேச்சுப் பயிற்சி நடக்கவில்லை. நேராக அனுப்பும் திட்டம் நிற்கவேண்டுமென்றால் திரும்பி அனுப்பும் திட்டமும் அதோடு சேர்ந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய மையம் நிரம்பிவிடும், நிரம்பினால் ஒரு நாள் அந்த உதவியாளர் ஃபோன் போடும்போது "ரெடியா இருக்கோம்" என்று சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்த மூன்றையும் சேவைக்கு எழுதி அனுப்பினேன். துண்டுச் சீட்டு விஷயத்துக்குப் பதில் வந்தது, இனி ஓட்டுநரே குடும்பத்தினரிடம் இடத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருப்பதாக. திரும்பும் வண்டிக்கு இன்னும் பதில் இல்லை, வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.

காரில் நாமே கொண்டுபோனால் சீக்கிரம் போகலாமே என்று தெரிந்தவர்கள் பலர் கேட்டார்கள். நானும் அன்று சாவியைக் கையில் எடுத்தேன். காரில் போயிருந்தால் நான் அந்த எட்டு நிமிட மருத்துவமனைக்குத்தான் போயிருப்பேன்.